கிரீன் கார்டைக் காட்டச் சொல்வதும் விசாவைச் சொல்லி மறுப்பதும் ஒரே பாகுபாடா?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வாழும் ஒரு பெண் எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே புகலிடம் பெற்றவர். ஒரு மருந்துக் கிடங்கில் அவருக்கு வேலை உறுதியாகிவிட்டது. ஆனால் கிரீன் கார்டைக் காட்டினால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று மனிதவளத் துறை மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. திருச்சியிலிருந்து, நிறுவனம் மனுப்போட்டு வாங்கித் தரும் எச்-1பி வேலை விசாவில் வந்து வேலை பார்க்கும் அந்தப் பெண்ணின் தம்பி வேறொரு நிறுவனத்துக்கு மாற முயன்றபோது, குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் மட்டுமே எடுக்கிறோம் என்று பதில் வந்தது. இரண்டும் ஒரே அநியாயம்தானே, குடியுரிமை இல்லாத நாங்கள் எதிர்த்துக் கேட்க முடியுமா, கேட்டால் கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் கெட்டுவிடுமா என்று கேட்கிறார்.

இரண்டும் ஒன்றல்ல. உங்கள் கணவருக்கு நடந்திருப்பது சட்டம் வெளிப்படையாகத் தடுத்திருக்கும் தவறு. உங்கள் தம்பிக்குக் கிடைத்த பதில் எவ்வளவு வலித்தாலும், அவரளவில் அது பெரும்பாலும் சட்டத்தின் பிடிக்குள் வராது. ஆனால் தம்பியைத் திருப்பி அனுப்பிய அதே வாசகம், உங்கள் கணவரைப் போன்ற ஒருவர் அங்கே விண்ணப்பித்துத் திருப்பப்பட்டிருந்தால் சட்டமீறலாகியிருக்கும். இது முரணாகத் தோன்றலாம். இந்த முரண் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் தவறான அலுவலகத்தில் போய் நின்று, கெடுவைத் தவறவிட்ட பலரை நான் பார்த்திருக்கிறேன். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்கச் சட்டம் ஒரு மனிதர் எந்த மண்ணைச் சேர்ந்தவர் என்பதையும், அவர் எந்த நாட்டின் குடிமகன் அல்லது எந்தக் குடியேற்ற நிலையில் இருப்பவர் என்பதையும் வெவ்வேறாகப் பார்க்கிறது. முன்னதைப் பூர்விகம் என்றும், பின்னதைக் குடியுரிமை நிலை என்றும் வைத்துக்கொள்வோம். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தினுடைய ஏழாம் பிரிவு, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில், இனம், நிறம், மதம், பால், பூர்விகம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. குடியுரிமை நிலை என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. அந்தச் சொல் இல்லாததன் விளைவை நேரடியாக அனுபவித்தவர், டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் சட்டப்படி நிரந்தரமாகக் குடியிருந்த மெக்சிகோ நாட்டுப் பெண் ஒருவர். 1969இல் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை கேட்டுப் போனார். குடிமக்களை மட்டுமே எடுப்பது எங்கள் வழக்கம் என்று மறுத்துவிட்டார்கள். எஸ்பினோசா எதிர் ஃபாரா என்ற அந்த வழக்கு 1973இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த ஆலையின் சான் அன்டோனியோ பிரிவில் வேலை செய்தவர்களில் 96 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மெக்சிகோ வம்சாவளியினர். அப்படியிருக்க, மெக்சிகோக்காரர் என்பதற்காக இவரை ஒதுக்கினார்கள் என்று சொல்ல முடியாது. குடிமகள் அல்லாதவர் என்பதற்காகத்தான் ஒதுக்கினார்கள். அதை ஏழாம் பிரிவு தடுக்கவில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய தர்குட் மார்ஷல் என்பது இன்றும் பலருக்கு வியப்பளிப்பது. எதிர்த்தவர் நீதிபதி டக்ளஸ் ஒருவர் மட்டுமே. அதே தீர்ப்பு இன்னொன்றையும் உறுதியாகச் சொன்னது: குடிமக்கள் அல்லாதவர்களும் ஏழாம் பிரிவின் பாதுகாப்புக்கு உரியவர்கள்; அவர்களைப் பூர்விகம் காரணமாகவோ இனம் காரணமாகவோ ஒதுக்கக் கூடாது. குடியுரிமை இல்லாத நாங்கள் கேட்க முடியுமா என்ற உங்கள் ஐயத்துக்கு விடை அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

எஸ்பினோசா வழக்கு காட்டிக்கொடுத்த ஓட்டையை ஓரளவு அடைத்தது 1986ஆம் ஆண்டின் குடியேற்றச் சீர்திருத்தச் சட்டம். வேலை செய்ய அனுமதி இல்லாதவர்களை வைத்திருக்கும் முதலாளிகளுக்கு அந்தச் சட்டம் முதன்முறையாகத் தண்டம் விதித்தது. இன்று ஒவ்வொரு புதிய பணியாளரும் நிரப்பும் ஐ-9 படிவம் பிறந்தது அப்போதுதான். தண்டத்துக்கு அஞ்சும் முதலாளி என்ன செய்வார்? பெயரும் முகமும் பேச்சும் அயலாகத் தெரிந்தால், வம்பே வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவார். இதை முன்கூட்டியே உணர்ந்த மாசசூசெட்ஸ் நாடாளுமன்ற உறுப்பினர் பார்னி ஃபிராங்க் முதலியோர், பாகுபாட்டுத் தடையையும் அதே சட்டத்தில் சேர்க்க வைத்தார்கள். அச்சம் வீண்போகவில்லை. 1990இல் நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஆய்வு செய்தபோது, இந்தச் சட்டத்தைக் காரணம் காட்டி, தோற்றத்தையும் பேச்சையும் வைத்துப் பாகுபாடு காட்டத் தொடங்கிய முதலாளிகள் மட்டும் ஏறத்தாழ 10 விழுக்காடு என்று கணக்கிட்டது. அதே ஆண்டு, தேவைக்கு மேல் ஆவணம் கேட்பதையும், குறிப்பிட்ட ஆவணம்தான் வேண்டும் என்று வற்புறுத்துவதையும் தனிக் குற்றச்சாட்டாகவே சட்டத்தில் சேர்த்தார்கள்.

உங்கள் கணவரின் விஷயம் இங்கேதான் வருகிறது. ஐ-9 படிவத்தோடு எந்த ஆவணத்தைக் காட்டுவது என்று முடிவு செய்யும் உரிமை பணியாளருக்கு உரியது, முதலாளிக்கு அன்று. படிவத்திலேயே ஏற்கத்தக்க ஆவணங்களின் பட்டியல் இருக்கிறது. அடையாளம், பணி அனுமதி இரண்டையும் ஒருசேரக் காட்டும் ஒரே ஆவணத்தைத் தரலாம்; அல்லது அடையாளத்துக்கு ஒன்று, பணி அனுமதிக்கு ஒன்று என்று இரண்டைத் தரலாம். புகலிடம் பெற்றவரின் பணி அனுமதி அந்த நிலையோடு சேர்ந்தே வருவது. அதற்குக் காலாவதித் தேதி கிடையாது. அவருக்குக் கிடைக்கும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் கட்டுப்பாட்டு வாசகம் எதுவும் இருக்காது. அந்த அட்டையும் ஓட்டுநர் உரிமமும் போதும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் அவற்றைக் காட்டிவிட்டால் அவருடைய கடமை முடிந்தது. அவை உண்மையானவையாகவும் அவருக்கு உரியவையாகவும் தோன்றும்போது, அவர் குடிமகன் அல்லர் என்பதற்காகவோ இலங்கைக்காரர் என்பதற்காகவோ கிரீன் கார்டுதான் வேண்டும் என்று கேட்டால், அது சட்டம் தடுக்கும் ஆவண முறைகேடு. புகலிடம் பெற்று ஓராண்டு அங்கே வசித்த பிறகுதான் கிரீன் கார்டு கிடைக்கவே முடியும், கார்டு வந்துசேர அதற்கு மேலும் காலமாகலாம் என்பதைப் பார்த்தால், நிறுவனம் கேட்பது எவ்வளவு பொருளற்றது என்று விளங்கும்.

இதன் இன்னொரு முகத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். கிரீன் கார்டின் பத்தாண்டுக் கெடு முடியும்போது, புதுக் கார்டைக் கொண்டுவந்து காட்டு, இல்லாவிட்டால் நின்றுகொள் என்று சில இடங்களில் சொல்கிறார்கள். காலாவதியாவது அட்டைதான், நிரந்தரக் குடியிருப்பு உரிமை காலாவதியாவதில்லை. சேரும்போது செல்லத்தக்க கிரீன் கார்டைக் காட்டிய ஒருவரிடம், அட்டை காலாவதியாகிவிட்டது என்பதற்காக மறுபடி ஆவணம் கேட்கக் கூடாது. நான் அறிந்த ஒரு அம்மையார், பல ஆண்டுகள் சமையற்கூடத்தில் உழைத்தவர், இப்படிக் கேட்டவுடன் தம்மேல்தான் பிழை என்று நம்பி விலகல் கடிதத்தில் கையெழுத்திட்டுவிட்டு வந்துவிட்டார். எங்களிடம் வந்தபோது காலக்கெடு கடந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவருக்காக ஒன்றும் செய்ய முடியவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

இனி உங்கள் தம்பி. 1986ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு பேருக்குக் குறையாத நிறுவனங்களில் குடியுரிமை நிலையைக் காட்டி ஒதுக்குவதைத் தடுக்கிறது. ஆனால் எல்லோருக்காகவும் அன்று. அதன் காவலுக்குள் வருபவர்கள் குடிமக்கள், அண்மையில் கிரீன் கார்டு பெற்றவர்கள், அகதிகள், புகலிடம் பெற்றவர்கள் முதலானோர் மட்டுமே. எச்-1பி விசாவில் இருப்பவரும், அவருடைய துணைவராக வந்து பணி அனுமதி அட்டை பெற்றவரும், படித்து முடித்தபின் வேலைப் பயிற்சிக்கென்று தரப்படும் ஓபிடி அனுமதியில் இருக்கும் மாணவரும் இந்தப் பட்டியலில் இல்லை. இப்போதோ இனிமேலோ விசாவுக்கு ஸ்பான்சர் செய்ய வேண்டியிருக்குமா என்று கேட்பதும், ஆம் என்றால் வேண்டாம் என்று சொல்வதும் பொதுவாகச் சட்டத்துக்கு உட்பட்டதே. ஆகவே தம்பிக்கு வந்த பதில் அவரளவில் இந்தச் சட்டத்தின் கீழ் புகாராக நிற்காது. குடிமக்களும் கிரீன் கார்டும் மட்டும் என்ற வாசகம் அகதிகளையும் புகலிடம் பெற்றவர்களையும் வெளியே தள்ளுகிறது. அந்த வாசகத்தின் சட்டமீறல் அதுதான். அந்த நிறுவனத்தின் மீது உங்கள் தம்பியால் முடியாததை, அங்கே விண்ணப்பித்துத் திருப்பப்பட்ட ஓர் அகதியால் செய்ய முடியும்.

அண்மையில் கிரீன் கார்டு பெற்றவர்கள் என்று சொன்னதைக் கவனியுங்கள். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தகுதி வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்காதவர் இந்தப் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறார். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை என்பதால், ஊரில் உள்ள நிலத்துக்காகவோ பெற்றோருக்காகவோ இந்தியக் கடவுச்சீட்டை விட மனமில்லாமல், பதினைந்து இருபது ஆண்டுகள் கிரீன் கார்டிலேயே இருக்கும் தமிழர்கள் ஏராளம். குடிமகனுக்கு உள்ள எல்லாப் பாதுகாப்பும் வேலையில் நமக்கும் உண்டு என்று அவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஒன்று அவர்களுக்கு இல்லை. ஆனால் பூர்விகம் காரணமான பாகுபாட்டுக்கு எதிரான காவல் குறையாமல் இருக்கிறது.

உங்கள் தம்பிக்கும் அப்படியே. குடியேற்ற நிலை எதுவானாலும், இந்தியர் என்பதற்காகவோ தமிழர் என்பதற்காகவோ ஒதுக்கப்பட்டால் ஏழாம் பிரிவு அவருக்குத் துணை நிற்கும். எச்-1பி வேண்டாம் என்று சொல்லும் ஒரு நிறுவனம் ஐரோப்பாவிலிருந்து வந்த எச்-1பிக்காரரை எடுத்துக்கொண்டால், விசா என்பது வெறும் சாக்கு, உண்மைக் காரணம் பூர்விகம் என்று வாதிட இடமுண்டு. இன்னொரு பழைய சட்டமும் இருக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்து, விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக 1866இல் இயற்றிய சட்டத்தின் பகுதி அது. ஒப்பந்தம் செய்துகொள்வதில் எல்லோருக்கும் சம உரிமை என்கிறது. வெளிநாட்டவர் என்பதற்காகத் தனியார் முதலாளி மறுப்பதையும் அது தடுக்கும் என்று நியூயார்க்கை உள்ளடக்கிய மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998இல் சொன்னது. ஸ்பான்சர் தேவைப்படாமல் ஏற்கெனவே முழுப் பணி அனுமதி வைத்திருப்பவருக்கு இந்த வழி வலுவானது. எச்-1பிக்காரருக்கு அவ்வளவு வலுவன்று, ஏனென்றால் அவருக்காகப் புதிய மனு போடும் சுமையை நிறுவனம்தான் ஏற்க வேண்டும். இதைத் தம்பியிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வீண் நம்பிக்கையில் வழக்கறிஞர் கட்டணம் கொடுக்க வேண்டாம்.

இந்தச் சட்டங்களெல்லாம் வந்தேறிகளுக்கு மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. குடிமக்களை ஒதுக்கிவிட்டு விசாக்காரர்களையே எடுப்பதும் அதே அளவு தவறு. ஃபேஸ்புக் நிறுவனம், விசாவில் இருந்த தன் ஊழியர்களுக்குக் கிரீன் கார்டு வாங்கித் தருவதற்கான பதவிகளை மற்றவர்கள் கண்ணில் படாதபடி விளம்பரப்படுத்தியது என்று அமெரிக்க அரசின் நீதித்துறை குற்றம்சாட்டியது, 2021இல் 1.425 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. ஏறத்தாழ இதே குற்றச்சாட்டுக்கு ஆப்பிள் 2023இல் 2.5 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டது. 2024 அக்டோபரில், 1994இல் சென்னையில் பிறந்த காக்னிசன்ட் நிறுவனம் இந்தியர் அல்லாத ஊழியர்களிடம் வேண்டுமென்றே பாகுபாடு காட்டியது என்று லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றத்தின் நடுவர் குழு கண்டது. அதே வகைக் குற்றச்சாட்டில் டி.சி.எஸ். நிறுவனத்துக்கு 2018இல் சாதகமான முடிவே கிடைத்தது. சாட்சியம் எப்படியோ அப்படித்தான் முடிவும். நம் வாட்ஸாப் குழுக்களில் எச்-1பி மட்டும், ஓபிடி மட்டும், குடிமக்கள் வேண்டாம் என்று வேலை அறிவிப்புகள் நாள்தோறும் வருகின்றன. நம்மவருக்கு நல்லது செய்கிறோம் என்று எண்ணி அவற்றை அனுப்புபவர்கள், உங்கள் கணவர் மேல் இழைக்கப்பட்டதைப் போன்ற ஒரு பாகுபாட்டையே வேறொருவர் மேல் இழைக்கிறார்கள். ஒன்றை எதிர்ப்பவர் மற்றதை ஏற்க முடியாது.

பாதுகாப்புத் துறையோடு தொடர்புள்ள நிறுவனங்கள் சொல்லும் ஒரு காரணத்தையும் இங்கே தொட்டுவிடுகிறேன். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளின்படி நாங்கள் குடிமக்களை மட்டுமே எடுக்க முடியும் என்பார்கள். சட்டமோ அரசு ஒப்பந்தமோ உண்மையிலேயே குடிமக்கள்தான் வேண்டும் என்று சொல்லும் பதவிகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் ஏற்றுமதி விதிகள் அமெரிக்க நபர் என்று வரையறுப்பதில் கிரீன் கார்டு உள்ளவர்களும் அகதிகளும் புகலிடம் பெற்றவர்களும் அடங்குகிறார்கள். இதை வைத்துத்தான் 2023இல் ஸ்பேஸ்எக்ஸ் மீது நீதித்துறை வழக்குத் தொடுத்தது. 2025இல் அரசே அந்த வழக்கைக் கைவிட்டது, வரையறை மாறவில்லை.

பேச்சு பற்றியும் பலர் கேட்கிறார்கள். உச்சரிப்பு பூர்விகத்தின் அடையாளம் என்பதால், அதை வைத்து ஒதுக்குவது பூர்விகப் பாகுபாடாகலாம். வேலைக்குத் தேவையான பேச்சுத்திறனை உச்சரிப்பு உண்மையாகவே பாதிக்கிறதா என்பதுதான் அளவுகோல். அளவுகோல் நியாயமானது, அதை வைத்து அளக்கும் கைகள் எப்போதும் நியாயமானவை அல்ல. ஹொனலுலு நகர வாகன அலுவலகத்தின் எழுத்தர் பதவிக்கு நடந்த தேர்வில் நூற்றுக்கணக்கானோரில் முதலிடம் பெற்ற பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர், நேர்காணலில் உச்சரிப்பைக் காட்டி ஒதுக்கப்பட்டார். 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நகர நிர்வாகத்தின் பக்கமே நின்றது. அந்தத் தீர்ப்பு தவறு என்பது என் கருத்து. கிடங்கில் சரக்கு அடுக்கும் வேலைக்கு யாரேனும் அந்தத் தீர்ப்பைக் காட்டினால் மயங்கிவிட வேண்டாம், அது பொதுமக்களோடு நாள் முழுதும் பேச வேண்டிய வேலைக்குச் சொல்லப்பட்டது.

இனி, எங்கே, எப்போது போவது என்பதற்கு வருவோம். உங்கள் கணவரின் புகார் போக வேண்டிய இடம் நீதித்துறையின் குடியேறியோர், பணியாளர் உரிமைகள் பிரிவு. கெடு 180 நாள். அந்த மின்னஞ்சல் வந்த நாளிலிருந்து நாள் ஓடுகிறது. நிறுவனத்துக்குள் மேல்முறையீடு செய்துகொண்டிருப்பதாலோ, பார்த்துச் சொல்கிறோம் என்று அவர்கள் இழுத்தடிப்பதாலோ கெடு நிற்காது. பூர்விகப் பாகுபாடு என்றால், 15 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்கு ஈ.ஈ.ஓ.சி. என்று எல்லோரும் அழைக்கும் சம வேலைவாய்ப்பு ஆணையம். அங்கேயும் 180 நாள், மாநிலத்தில் இதற்கென அமைப்பு இருந்தால் 300 நாள். 4 முதல் 14 பேர் வரை உள்ள சிறு நிறுவனங்களில் பூர்விகம் காரணமாக வேலை மறுக்கப்பட்டால் நீதித்துறைப் பிரிவையே அணுக வேண்டும். 1866ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இந்த வாசல்கள் எதுவும் தேவையில்லை. நேரே நீதிமன்றம் போகலாம். வேலையில் சேர்ந்தபின் நடக்கும் பாகுபாட்டுக்கு நான்கு ஆண்டு அவகாசம், வேலை தர மறுத்ததற்கு மாநிலத்தைப் பொறுத்து அது குறையலாம்.

உடனே செய்யக்கூடியது இதுதான். அந்த மின்னஞ்சலையும் வேலை உறுதிக் கடிதத்தையும் சொந்தக் கணினியில் படி எடுத்து வையுங்கள். ஐ-9 படிவத்தின் பட்டியலிலிருந்து நான் தேர்ந்தெடுத்த ஆவணங்கள் இவை, நான் வேலைக்கு வரத் தயார் என்று கணவர் பணிவாகவும் தெளிவாகவும் எழுத்தில் பதில் அனுப்பட்டும். பிறகு நீதித்துறைப் பிரிவின் பணியாளர் தொலைபேசி உதவியை அழையுங்கள். பெயர் சொல்லாமலும் பேசலாம், மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், கட்டணம் இல்லை. முறையான புகாருக்கு முன்பே அவர்கள் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து விதியை விளக்குவதும் உண்டு. விதி தெரியாமல் தவறு செய்த நிறுவனங்கள் பல அந்த ஒரு அழைப்பிலேயே திருந்தி, ஆளைச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. அதனால் முதலிலேயே வழக்கு என்று மிரட்ட வேண்டாம். அழைப்பு பலிக்காவிட்டால் புகார் எழுதுங்கள். வென்றால் வேலையும் இழந்த சம்பளமும் கிடைக்கும், நிறுவனம் அரசுக்குத் தண்டம் கட்டும். மன உளைச்சலுக்கு இழப்பீடு இந்தச் சட்டத்தில் இல்லை.

கிரீன் கார்டு விண்ணப்பம் கெடுமா என்று கேட்டிருந்தீர்கள். கெடாது. வேலைப் பாகுபாடு பற்றிப் புகார் கொடுப்பது எந்த விண்ணப்பத்தையும் மறுப்பதற்கான காரணமாகச் சட்டத்தில் இல்லை. புகார் கொடுத்ததற்காகவோ, கொடுப்பேன் என்று சொன்னதற்காகவோ நிறுவனம் அவரை அச்சுறுத்தினால், குடியேற்ற அலுவலகத்தில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினால், அந்தப் பழிவாங்கலே இன்னொரு தனிப் புகாராகும். அந்தக் காவல் எச்-1பியில் இருக்கும் உங்கள் தம்பிக்கும் உண்டு. மின்னஞ்சல் வந்த தேதியை இன்றே நாட்காட்டியில் குறித்து, அதிலிருந்து 180 எண்ணிப் பாருங்கள். அந்தக் கடைசி நாள் வரை காத்திருக்காமல் இந்த வாரமே அழைத்துவிடுங்கள்.